விழுந்ததாகச் சொன்ன கால்

தொண்ணூற்றேழாம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாமலும் பொலிசும் ஆமியும் வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையை இரண்டு முனையிலும் அடைத்துவிட்டார்கள். வீடு வீடாகத் தட்டி எல்லோரையும் வெளியே கூப்பிட்டார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. கையில் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்க வேண்டும். எங்களுக்கு இது பழக்கமான வேலை. பல் விளக்காமல் வந்து நிற்கக்கூடப் பழகியிருந்தோம்.

எங்கள் மேல் மாடியில் குடியிருந்த நேசமலர் கடைசியாகத்தான் இறங்கி வந்தாள். படி இறங்க அவளுக்கு எப்போதும் நேரம் எடுக்கும். இடது காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் வலது பக்க இடுப்பு கீழே விழும். விழாமல் இருக்க அவள் உடம்பை இடது பக்கம் எறிவாள். இருபத்தொன்பது வயது. காலி வீதியில் ஹாஷிம் என்பவருடைய கொமியூனிக்கேசன் கடையில், வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்க வருபவர்களுக்கு இலக்கம் போட்டுக் கொடுக்கும் வேலை. காலையில் கதிரையில் அமர்ந்தால் கடை பூட்டும்வரை எழும்ப மாட்டாள். நடப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்றே அந்த வேலையைத் தேடிக்கொண்டதாக ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அவள் வரிசையை நோக்கி வருவதை ஒரு பெண் கான்ஸ்டபிள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவளை மட்டும் என் வீட்டு முன்னறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

உள்ளே நடந்ததை நேசமலர் பிறகு சொன்னாள். பாவாடையைத் தூக்கச் சொல்லியிருக்கிறாள். இடது இடுப்பிலிருந்து தொடைவரை ஒரு சாண் நீளத்தில் தழும்பு. அதைச் சுற்றிச் சதை வற்றி, அந்தப் பக்கப் பிட்டமே தட்டையாகக் கிடந்தது. கான்ஸ்டபிள் விரலால் தழும்பை அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “வெடி வெதிலாத?”

வெடி பட்டதா என்று கேட்கிறாள். நேசமலருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். “நெஹெ. பொடி காலே வெட்டுணா” என்றாள். இல்லை, சின்ன வயதில் விழுந்தது.

“பொரு கியன்ன எப்பா” என்றாள் கான்ஸ்டபிள். பொய் சொல்லாதே. இயக்கத்தில் இருந்து காயப்பட்டவள் என்று நினைத்துவிட்டாள்.

அன்று எங்கள் ஒழுங்கையிலிருந்து ஜீப்பில் ஏற்றப்பட்டது அவள் ஒருத்திதான். ஏறுவதற்குப் படி உயரமாக இருந்தது. ஒரு பொலிஸ்காரன் கையைப் பிடிக்க வந்தபோது, “தொடாதே” என்று தமிழிலேயே கத்தினாள். நாங்கள் இருபது முப்பது பேர் வரிசையில் நின்றோம். ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. என் வீட்டு அறைக்குள்தான் அவளைச் சோதித்தார்கள், நானும் சொல்லவில்லை. இந்தக் கதையை எழுதும்போது முதலில் எழுத வேண்டியது அது.

பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எடுத்தார்கள். தழும்பு எப்படி வந்தது என்று கேட்டதற்கு அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் அம்மம்மா வீட்டுக் கிணற்றுக் கட்டிலிருந்து நாலரை வயதில் சறுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு உடைந்தது. கொழும்புக்குக் கொண்டுவந்து வெட்டினார்கள். நெஞ்சிலிருந்து பாதம்வரை பிளாஸ்டர் போட்டுக் கிடந்தாள். சிங்களத்தில் எழுதியதைத் தன்னிடம் வாசித்துக் காட்டச் சொன்னாள். எழுதியவனுக்கு அது பிடிக்கவில்லை. அவள் விடவில்லை. வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். “நான் சொன்னது உண்மை எண்டு நினைச்சுத்தான் போட்டனான். அதுதான் எனக்கு இண்டைக்கும் வயிறெரியிது” என்பாள்.

மறுநாள் திங்கட்கிழமை அவளுடைய தகப்பன் நாகேந்திரம் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் தலைமை லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து எட்டு வருடம். இளைய மகள் கௌரி கலியாணம் முடித்துப் போய்விட, மூத்த மகளோடு தனியாக இருந்தார். வெள்ளைச் சட்டை, நீளக் காற்சட்டை, கக்கத்தில் ஒரு பைல். ஒரு கடதாசியையும் தொலைக்காத மனிதர். மகளுடைய பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ், வாக்காளர் பட்டியல் பிரதி எல்லாவற்றோடும் எழுபத்துமூன்றாம் ஆண்டு ஆஸ்பத்திரி கொடுத்த ஒரு மஞ்சள் மட்டையும் அதற்குள் இருந்தது. தழும்பு பழையது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறு என்ன வேண்டும் என்று நினைத்து அதை எடுத்து மேசையில் வைத்தார்.

பொறுப்பதிகாரி இங்கிலீஷ் வாசிப்பவர். மட்டையை வாசித்தார். நேசமலரைக் கூப்பிட்டு எதிரே நிற்க வைத்தார். பிறகு வாக்குமூலத்தை எடுத்து மட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“மகள் விழுந்து உடைந்தது என்கிறாள். தகப்பன் கொண்டுவந்த கடதாசி பிறக்கும்போதே மூட்டு விலகியிருந்தது என்கிறது. இரண்டில் எது பொய்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

நேசமலர் தகப்பனைப் பார்த்தாள். “அப்பா, என்ன இது?”

“பேந்து சொல்லுறன், பிள்ளை.”

“இப்ப சொல்லுங்கோ.”

“பிறக்கேக்கையே அப்பிடித்தான்…” நாகேந்திரம் தரையைப் பார்த்தபடி சொன்னார். “நீ விழேல்லை.”

தமிழில் கதைக்க வேண்டாம் என்று பொறுப்பதிகாரி மேசையில் அடித்தார். இரண்டு கதை சொல்லும் குடும்பத்தைச் சும்மா விட முடியாது என்று, அவளை மேலும் தடுத்து வைத்துச் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பக் கட்டளை எழுதினார். ஒரு நாளில் முடிந்திருக்க வேண்டியது ஐந்து நாளானது. அந்த ஐந்து நாளும் பன்னிரண்டு பெண்களோடு ஒரே அறையில், சீமெந்துத் தரையில், வலது பக்கம் மட்டும் சரிந்து படுத்தாள். இடது பக்கம் படுத்தால் தசையில்லாத எலும்பு தரையில் குத்தும்.

புதன்கிழமை சட்ட வைத்திய அதிகாரி அவளைப் பார்த்தார். நரைத்த தலை, மெதுவான பேச்சு, சிங்களவர். தழும்பைப் பார்த்தார். தொடைகளை நாடாவால் அளந்தார். இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். அவள் நின்றாள், வலது பக்க இடுப்பு உடனே கீழே விழுந்தது, சுவரைப் பிடித்தாள். அவர் தலையாட்டிக்கொண்டு, எக்ஸ்றே படம் எடுக்க அனுப்பினார். படம் வந்ததும் மஞ்சள் மட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தார்.

“இந்த எக்ஸசைஸ் எல்லாம் செய்தாயா?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“என்ன எக்ஸசைஸ்?”

அவர் மட்டையை அவளிடம் நீட்டினார். நீல மையில், சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தது. இடுப்புத் தசைகளுக்குத் தினமும் பயிற்சி. இரண்டு வருடத்துக்கு மாதம் ஒருமுறை கூட்டிவர வேண்டும். கீழே வந்த திகதிகளை எழுதக் கட்டங்கள் போட்டிருந்தன. இருபத்துநாலு கட்டங்கள். இரண்டில் மட்டும் திகதி இருந்தது.

தழும்புக்கு இருபது வயதுக்கு மேல் என்றும், அது சத்திரசிகிச்சைத் தழும்பு என்றும், தசை வற்றியிருப்பது அந்த நோயால்தான், வெடிக்காயத்தால் அல்ல என்றும் அவர் எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை அவளை விட்டார்கள். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கடிதத்தின் பிரதியை எப்போதும் கையில் வைத்திருக்கும்படி மட்டும் சொன்னார்கள்.

பஸ்சில் அவள் தகப்பனுக்குப் பக்கத்தில் அமரவில்லை. வீட்டுக்கு வந்து குளித்தாள். பிறகு ஈரத் தலையோடு முன்னறைக்கு வந்து நின்றாள். அன்று மேல் மாடியில் அவள் போட்ட சத்தம் எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. ஒழுங்கைக்கே கேட்டிருக்கும்.

“கிணத்துக் கட்டு எனக்கு ஞாபகமிருக்கு, அப்பா! பாசி பிடிச்ச கட்டு. கால் சறுக்கினது. அம்மா ஓடி வந்தது. எல்லாம் எனக்கு ஞாபகமிருக்கு! நடக்காத ஒண்டை எப்பிடி எனக்கு ஞாபகமாக்கினனீங்கள்?”

“அம்மாதான் அப்பிடிச் சொல்லுவம் எண்டவ…”

“செத்துப்போன மனிசியில பழி போடாதேங்கோ!”

நாகேந்திரம் மெல்லிய குரலில் சொன்னார். பிறவிக் குறை என்று தெரிந்தால் பரம்பரை என்பார்கள். இரண்டு பெண் பிள்ளைகள். விழுந்தது என்றால் அது ஒருத்தியோடு போய்விடும். கௌரியையாவது கரை சேர்க்கலாம் என்று நினைத்தார்கள்.

“என்னைக் கரை சேத்தியளோ? ஏழு பேர் பொம்பிளை பாக்க வந்தவை. ஏழு தரம் தேத்தண்ணித் தட்டோட குசினியில இருந்து நடக்க வைச்சியள். ஒவ்வொருத்தரும் என்ர காலைப் பாத்தவை, முகத்தைப் பாக்கேல்லை. விழுந்ததாம், விழுந்ததாம் எண்டு நீங்கள் சொல்லச் சொல்ல, கவனமில்லாமல் விழுந்தது என்ர பிழை எண்டு நான் நினைச்சன். இருபத்துநாலு வருசம் நினைச்சன்!”

பிறகு அவள் கேட்டாள். இந்தமுறை கத்தவில்லை.

“ரெண்டு தரத்தோட ஏன் நிப்பாட்டினனீங்கள்?”

“நீ கத்தினாய், பிள்ளை” என்றார் அவர். “பிளாஸ்டர் வெட்டின பிறகு பயிற்சி குடுத்த அந்த மிஸ் உன்ர காலைப் பிடிச்சு விரிக்க விரிக்க நீ என்ர சேட்டைக் கடிச்சுக்கொண்டு கத்தினாய். ரெண்டாம் தரம் மூத்திரம் போயிட்டாய். என்னால பாக்க ஏலாமல் போச்சு. எலும்பு உள்ளுக்குப் போட்டுது தானே, காணும் எண்டு நினைச்சன்.”

“உங்களாலை பாக்க ஏலாமல் போச்சு” என்றாள் அவள். “அதுக்கு நான் நொண்டோணும்.”

அதன் பிறகு மூன்று மாதம் அவள் தகப்பனோடு பேசவில்லை. சமைத்து மேசையில் வைப்பாள். அவர் சாப்பிடுவார். அவ்வளவுதான்.

பொலிசின் மீது அவளுக்கிருந்த கோபம் எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. அது ஊர்க் கோபம், எல்லோருக்கும் பங்கிருந்தது. தகப்பன் மீது வந்தது அவளுடையது மட்டும். பாசத்தால் செய்தார் என்று அவளிடம் சொல்லப் போய் நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். “நீங்களும் வரிசையில பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள், அக்கா. பாசமாத்தான் நிண்டனீங்கள்” என்றாள். அதற்குப் பிறகு நான் புத்தி சொல்லவில்லை.

அந்தச் சட்ட வைத்திய அதிகாரி அவளுக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தார். இடுப்பு இப்போது வலிக்காவிட்டாலும் நாற்பது வயதில் வலிக்கும், இப்போதே ஒரு எலும்பு டொக்டரிடம் காட்டு என்று. அவள் காட்டினாள். ஸ்கான் எடுத்தார்கள். அந்தப் படத்தை அவள் எனக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். வலது பக்கம், இடுப்பெலும்புக்கு வெளியே தசை சாம்பல் நிறத்தில் திரண்டு கிடந்தது. இடது பக்கம் அதில் பாதிகூட இல்லை. இருந்த பாதிக்குள்ளும் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள். தசை இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு வந்து குந்திவிட்டது என்றாள்.

எலும்பு டொக்டர் அவளைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினார். அங்கே டோரின் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். ஐம்பது வயது, பருத்த உடம்பு, காலையில் ஆஸ்பத்திரியில் வேலை, பின்னேரம் வீட்டு முன்னறையில் ஒரு பலகைக் கட்டிலும் மணல் பைகளும் வைத்து ஆட்களைப் பார்ப்பார். படத்தைப் பார்த்துவிட்டு அவர் நேரே சொன்னார்.

“எலும்ப நல்லாத்தான் வச்சிருக்காங்க, மகள். குறை சொல்ல ஏலா. ஆனா எலும்பு தானா நடக்காது. ஒரு கால்ல நிக்கும்போது இடுப்பு மத்தப் பக்கம் விழாமப் புடிக்கிறது இந்தத் தசைதான். இது புடிக்கல்ல. அதான் நீங்க ஒடம்பத் தூக்கிப் போடுறீங்க.”

“சின்னனில பயிற்சி செய்திருந்தா நேரா நடந்திருப்பனோ?” அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் கொட்டாஞ்சேனைவரை போயிருந்தாள்.

டோரின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். “பொய் சொல்ல மாட்டேன். அஞ்சு வருஷம் எலும்பு மேல ஏறிக் கெடந்திச்சு. தசையும் அதுக்கேத்த மாதிரி கட்டையா வளந்திட்டுது. பொறகு வெட்டி, எலும்பக் கீழ எறக்கினாங்க. அந்த வெட்டும் தசையிலதான் பட்டிருக்கு. முழுசா வந்திருக்காது. செஞ்சிருந்தா இதவிட நல்லா இருந்திருக்கும். எவ்வளவு நல்லாண்டு கேட்டா யாராலயும் சொல்ல ஏலா.”

இந்தப் பதில் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கு இன்னும் கோபம்தான் வந்தது. தகப்பன் முழுப் பிழையும் செய்திருந்தால் முழுதாகக் கோபிக்கலாம். பாதியா, காலா என்று தெரியாத பிழையை எந்த அளவில் கோபிப்பது? வீடு திரும்பும்வரை பஸ்சில் பற்களைக் கடித்துக்கொண்டே வந்தாளாம்.

ஆனால் போவதை நிறுத்தவில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஹாஷிமிடம் சொல்லிவிட்டு இரண்டரை மணிக்குக் கிளம்புவாள். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை போய்ச் சேருவதற்குள் இரண்டு இடத்தில் பஸ்சை மறிப்பார்கள். எல்லோரும் இறங்கித் தடுப்பைத் தாண்டி நடந்து மறுபடி ஏற வேண்டும். அந்த நூறு யார் நடைதான் அவளுக்குக் கொடுமை. துவக்குப் பிடித்தவர்கள் அவள் நடையைப் பார்ப்பார்கள். கூப்பிடுவார்கள். அவள் கடிதத்தை நீட்டுவாள். ஒருமுறை ஒரு பெண் சிப்பாய் கடிதத்தை வாசித்த பிறகும் தழும்பைக் காட்டு என்றாள். “கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று வாசி. வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவனைக் கூப்பிடு. உனக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை” என்று சிங்களத்தில் உரத்துச் சொன்னாள். பஸ்சில் வந்த சனமெல்லாம் நடுங்கியது. சிப்பாய் கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். வேறொரு நாளாக இருந்திருந்தால் வேறு மாதிரி முடிந்திருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

டோரின் கொடுத்தது பார்க்கச் சின்னப் பயிற்சி. வலது பக்கம் சரிந்து படுத்து, முழங்காலை மடக்காமல், இடது காலை மேலே தூக்க வேண்டும். எவரும் செய்யக்கூடியது. அவளால் நாலு தரத்துக்கு மேல் முடியவில்லை. கால் நடுங்கும், விழும். இன்னொன்று, சுவரோரம் இடது காலில் நின்று இடுப்பைச் சமமாகப் பிடிப்பது. முதல் மாதம் மூன்று எண்ணுவதற்குள் விழுந்தது. ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் செய்தாள். எண்ணிக்கொண்டே செய்வாள், சில நாளில் எண்ணுக்குப் பதிலாக வசவு கேட்கும். ஒருநாள் தகப்பன் அறை வாசலில் வந்து நின்று, காலைப் பிடித்துவிடட்டுமா என்று கேட்டார். “தொடாதேங்கோ” என்றாள். அதுதான் மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் அவரிடம் சொன்ன முதல் சொல்.

ஏழு மாதத்தில் இருபது தரம் தூக்கினாள். மாலையில் முதுகு வலிப்பது குறைந்தது. ஆட்டம் போகவில்லை.

நவம்பர் மாதத்தில் கௌரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கௌரி ஹெவ்லொக் டவுனில் புகுந்த வீட்டில் இருந்தாள். கணவன் ஸ்ரீஸ்கந்தராசா வங்கி உத்தியோகத்தன். அவனுடைய தாய் சிவக்கொழுந்து கையில்தான் அந்த வீட்டின் திறப்புக்கோர்வையும் நிர்வாகமும்.

குழந்தைக்கு மூன்று வாரமானபோது, ஒரு வெள்ளிக்கிழமை, டோரின் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: “ஒங்களுக்குப் பொறவிலயே வந்தது. குடும்பத்துல வேற யாருக்கும் இருக்கா?”

“தெரியேல்லை. தங்கச்சி நல்லா நடக்கிறாள். அவளுக்கு இப்பத்தான் பிள்ளை பிறந்திருக்கு.”

டோரின் மணல் பையைக் கீழே வைத்தார். “பொம்புளப் புள்ளயா?”

“ஓம்.”

“இடுப்ப யாரும் விரிச்சுப் பாத்தாங்களா? பெரியம்மாவுக்கு இப்பிடி இருக்குண்டு டொக்டருக்கு யாரும் சொன்னாங்களா?”

யார் சொல்வது? அந்த வீட்டுக்குத் தெரிந்தது கிணற்றுக் கட்டுக் கதை. கௌரிக்கே தெரிந்தது அதுதான். அக்கா வீட்டில் தகப்பனோடு பேசாமல் இருப்பது ஏன் என்று அவள் கேட்டதற்கு இருவருமே வாய் திறக்கவில்லை.

“இப்ப கண்டு புடிச்சா கத்தி வேணா, மகள். ஒரு பட்டி போட்டாக் காணும். நடக்கத் தொடங்கின பொறகு கண்டா ஒங்கட கதைதான்” என்றார் டோரின்.

நேசமலர் பயிற்சியைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமலே தகப்பன் முன்னால் நின்றாள்.

“வெளிக்கிடுங்கோ. கௌரி வீட்டை போறம். நீங்கள் உண்மையைச் சொல்லோணும்.”

விஷயம் விளங்கியதும் நாகேந்திரம் மறுத்தார். “கலியாணம் பேசேக்க அந்த மனிசி நேராக் கேட்டது. நான் விழுந்தது எண்டு சொன்னன். இப்ப போய்ச் சொன்னால் கௌரியைத் திருப்பி அனுப்பிப்போடுவினம், பிள்ளை. டொக்டருக்கு மட்டும் ரகசியமாச் சொல்லுவம்.”

“ரகசியம் சொல்லி என்னை ஐஞ்சு நாள் உள்ளுக்கு வைச்சது காணும்! அந்தக் குழந்தையையும் நெஞ்சுவரைக்கும் பிளாஸ்டருக்குள்ள போடப் போறியளோ? அதுவும் கத்தும். அதையும் உங்களாலை பாக்க ஏலாது. வெளிக்கிடுங்கோ!”

அவர் வெளிக்கிட்டார். அதே வெள்ளைச் சட்டை, நீளக் காற்சட்டை, அதே பைல். முச்சக்கர வண்டியில் இருவரும் போனார்கள்.

அங்கே நடந்ததை நான் பிறகு கௌரி வாயாலும் கேட்டிருக்கிறேன். இருவர் சொன்னதும் ஒன்றுதான். நாகேந்திரம் அமரவில்லை. நின்றபடி, மஞ்சள் மட்டையைச் சிவக்கொழுந்திடம் நீட்டி, “நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். ஒரு இடத்திலும் இறந்த மனைவி மீது பழி போடவில்லை.

சிவக்கொழுந்து மட்டையைக் கையில் வாங்கவில்லை. “வாய் திறந்து கேட்டனே! பரம்பரையில ஏதும் குறையிருக்கோ எண்டு இந்த வாயாலை கேட்டனே! ஒரு பெரிய மனிசர், லிகிதர் எண்டு நம்பினன். என்ர பேத்தியை நொண்டியாக்கிப்போட்டியளே!”

“இன்னும் ஆக்கேல்லை, மாமி” என்றாள் நேசமலர். “நாளைக்குக் காட்டினால் ஆகாது. கத்துறதெண்டால் காட்டிப்போட்டு வந்து கத்துங்கோ. நானும் சேந்து கத்துறன்.”

கௌரி குழந்தையை அணைத்தபடி அறை வாசலில் நின்றாள். அவள் முகத்தில் நன்றி இருக்கும் என்று நேசமலர் எதிர்பார்த்தாளோ என்னவோ. “எனக்குத் தனியச் சொல்லியிருக்கலாம், அக்கா” என்றாள் கௌரி. “இந்த வீட்டிலை இனி நான்தானே இருக்கோணும்.” அதுவும் நியாயம்தான்.

ஸ்ரீஸ்கந்தராசா எழுந்து மட்டையை வாங்கி வாசித்தான். இரண்டு பக்கமும் வாசித்தான். “ஆரிட்டைக் காட்டோணும்?” என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் காலை குழந்தை வைத்தியர் அந்தச் சின்னத் தொடைகள் இரண்டையும் மடக்கி, மெல்ல வெளிப்பக்கம் விரித்தார். இடது பக்கம் விரல்களுக்குள் டொக் என்று ஒரு அசைவு. அவர் இன்னொருமுறை செய்து பார்த்தார். மூட்டு தளர்ந்திருந்தது, எலும்பு குழியைவிட்டு வெளியே வந்து உள்ளே போனது. தோளில் மாட்டிய வார்களால் இரண்டு கால்களையும் தவளைபோல விரித்துப் பிடிக்கும் ஒரு பட்டி போட்டார்கள். பதினான்கு கிழமை, மூன்று மாதத்துக்கு மேல். குழந்தை முதல் இரண்டு நாள் அழுதது. பிறகு பட்டியோடு பால் குடித்தது, பட்டியோடு சிரிக்கப் பழகியது.

அந்தப் பதினான்கு கிழமையும் சிவக்கொழுந்துக்குச் சம்பந்தி வீட்டாரோடு பேச்சில்லை. கௌரியைத் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் சோற்றுத் தட்டை வைக்கும்போது சத்தமாக வைத்தாள். கௌரி தமக்கையோடு பேச இரண்டு மாதம் எடுத்தது. நாகேந்திரம் மட்டும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பட்டி சரிபார்க்கப் போகும்போது ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பார். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடாவிட்டாலும் நிற்பார். குழந்தை அழும் சத்தம் வெளியே கேட்கும். அவர் நகரமாட்டார். ஒரு திங்கட்கிழமை நேசமலரும் போயிருந்தாள். தகப்பனைத் தாண்டி உள்ளே போனவள், திரும்பி வந்து, “உள்ளுக்கு வந்து இருங்கோ. வெயில்” என்றாள். அதைவிட அவள் அவரோடு இளகியதாக எனக்குத் தெரியாது. அவர் செய்ததை மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்டதுமில்லை. கேட்டிருந்தால் எனக்கும் ஏதாவது விழுந்திருக்கும்.

பட்டி கழற்றி எடுத்த எக்ஸ்றேயில் எலும்பு குழிக்குள் ஒழுங்காக இருந்தது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு டிசம்பரில், பதின்மூன்று மாதத்தில், பிள்ளை எழுந்து நடந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நேசமலர் ஹெவ்லொக் டவுனுக்குப் போயிருந்தபோது, அந்தப் பிள்ளை கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு, இரண்டு இடுப்பும் ஒரு மட்டத்தில் இருக்க, தள்ளாடி ஓடியது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பார்த்துக்கொண்டு இருந்தாள். சிவக்கொழுந்து அவளிடம் பெருமையாகச் சொன்னாள்: “எங்கட பக்கத்துப் பிள்ளையள் எல்லாம் இப்பிடித்தான். கெதியா நடந்திடுங்கள்.”

நேசமலருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “ஓம் மாமி. பதினாலு கிழமை கட்டிப்போட்டால் எந்தப் பக்கத்துப் பிள்ளையும் நடக்கும்” என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரி தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தாள். அப்போது கௌரி குசினியிலிருந்து வெளியே வந்து, மாமியாருடைய முகத்துக்கு நேரே, “அக்கா சொன்னது உண்மைதான். அவதான் கண்டுபிடிச்சவ. என்ர பிள்ளைக்குப் பிறவியிலை இருந்தது, இப்ப இல்லை” என்றாள். ஒளித்து வைக்கச் சொல்லி அவளுக்கு இனி யாரும் சொல்ல முடியாத குரலில் அதைச் சொன்னாளாம்.

நேசமலர் பையை எடுத்துக்கொண்டாள். இரண்டரை மணி. கொட்டாஞ்சேனை பஸ் எடுக்க வேண்டும், டோரின் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது இடது காலில் பதினொன்று எண்ணும்வரை நிற்க முடிந்தது. பன்னிரண்டில் இடுப்பு விழுந்துவிடும்.